சைலன்சரில் வெள்ளைப் புகையும் காணாமல் போகும் கூலன்ட்டும்

காரின் பின்னால் வெள்ளைப் புகை கிளம்பினால், பக்கத்தில் நிற்பவர்களில் ஒருவராவது "ஹெட் கேஸ்கட் போச்சு" என்று சொல்லிவிடுவார் (இன்ஜின் பாகங்களுக்கு நடுவே கசிவைத் தடுக்கும் தகடு அது). சில நேரம் அவர் சொன்னது சரியாகவும் இருக்கும். ஆனால் அதே வெள்ளைப் புகை எந்தக் கோளாறும் இல்லாத காரிலும் வரும். இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டையே இறக்க வேண்டிய காரிலும் வரும். நிறத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. புகை எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, கூடவே கூலன்ட், அதாவது இன்ஜினின் சூட்டைத் தணிக்கும் திரவம், குறைகிறதா என்ற மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பெரும்பாலும் பிரித்துவிடலாம். மெக்கானிக்கிடம் போவதற்கு முன்பே வண்டி வைத்திருப்பவர் இவற்றைக் கவனித்து வைத்துக்கொள்ள முடியும். கருவி எதுவும் வேண்டாம்.

கோளாறே இல்லாத வெள்ளை

பெட்ரோலிலும் டீசலிலும் இருப்பது பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும்தான். எரியும்போது கார்பன் கார்பன் டை ஆக்சைடாகிறது, ஹைட்ரஜன் தண்ணீராகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது என்றால் பலரும் நம்புவதில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படித்தான் வரும். இந்தத் தண்ணீர் எல்லாம் ஆவியாகவே சைலன்சர் வழியே வெளியேறுகிறது. சைலன்சர் சூடாக இருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது.

இரவு முழுக்க நின்ற வண்டியில் நிலைமை வேறு. குழாய் முழுதும் குளிர்ந்திருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் வெளியேறும் ஆவி குளிர்ந்த உலோகத்தில் பட்டு நீராகிறது. கொஞ்சம் குழாய் முனையில் சொட்டுகிறது, மீதி வெள்ளையாகக் கிளம்புகிறது. சில நிமிடம் ஓடி சைலன்சர் சூடேறியதும் நின்றுவிடும். குளிரும் ஈரமும் அதிகமாக உள்ள நாளில் கூடுதல் நேரம் தெரியும், வெயில் நாளில் தெரியவே தெரியாது. இதற்காக யாரிடமும் போக வேண்டியதில்லை.

கவலைப்பட வேண்டிய புகை பெரும்பாலும் இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் நிற்காது. அது அடர்த்தியாக இருக்கும். வெறும் ஆவி சற்றுத் தள்ளிப் போவதற்குள் காற்றில் கரைந்துவிடும். கூலன்ட் எரிந்து வரும் புகை அப்படிக் கரையாமல் வண்டிக்குப் பின்னால் மிதந்துகொண்டே இருக்கும். வாசனையும் வேறு. கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் ஒருவிதத் தித்திப்பு மணம் தரும். ஒருமுறை உணர்ந்தவருக்கு அடுத்த முறை சந்தேகம் வராது. அதற்காகச் சைலன்சர் முனையில் முகத்தை வைத்து முகர வேண்டாம். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. திறந்த வெளியில், சற்றுத் தள்ளி நின்றாலே வாசனை வரும்.

டீசல் வண்டிக்கு இங்கே தனியாக ஒன்று சொல்ல வேண்டும். டீசல் இன்ஜினில் வெள்ளைப் புகை என்றால் கூலன்ட்டைவிட எரியாத டீசல்தான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். சிலிண்டருக்குள் போதிய சூடு இல்லாமல், தெளித்த டீசல் எரியாமலே ஆவியாக வெளியேறுகிறது. ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டரைச் சூடேற்றும் குளோ பிளக் வேலை செய்யாதது, இன்ஜெக்டர் சரியாகத் தெளிக்காதது, கம்ப்ரஷன் (பிஸ்டன் காற்றை அமுக்கும் அழுத்தம்) குறைந்தது, டீசல் தெளிக்கும் நேரம் தவறியது என்று காரணங்கள் பல. இந்தப் புகை கண்ணை எரிக்கும், எரியாத டீசல் நாற்றம் அடிக்கும், தித்திப்பு இருக்காது. கூலன்ட் அளவும் அப்படியே இருக்கும்.

நீலம் கலந்த வெள்ளை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் எரிபொருள் தேவைக்கு மேல் போகிறது. இந்த இரண்டும் வேறு கதை. அதிகம் பேர் அறியாத இன்னொரு வெள்ளைப் புகை உண்டு. பிரேக் மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க சீல் கசிந்தால், பிரேக் ஆயில், மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டருக்குள் இறங்கி, அங்கிருந்து வேக்வம் குழாய் வழியே இன்ஜினுக்குள் இழுக்கப்பட்டு எரியும். அப்போதும் புகை வெள்ளையாகவே வரும், ஆனால் குறைவது கூலன்ட் அல்ல, பிரேக் ஆயில். கூலன்ட் குறையாமல் வெள்ளைப் புகை வருகிறது என்றால் பிரேக் ஆயில் டப்பாவையும் ஒருமுறை எட்டிப் பார்ப்பது நல்லது. அது குறைந்திருந்தால் வண்டியை எடுக்கவே கூடாது.

கூலன்ட் ஏன் அழுத்தத்தில் இருக்கிறது

கசிவைப் புரிந்துகொள்ள அழுத்தத்தைப் புரிந்துகொண்டால் போதும் என்பேன். கூலன்ட் இன்ஜின் பிளாக்கிலும் (சிலிண்டர்கள் இருக்கும் அடிப்பாகம்) ஹெட்டிலும் உள்ள வழிகளில் ஓடிச் சூட்டை வாங்குகிறது, ரேடியேட்டரில் அதை விடுகிறது, வாட்டர் பம்ப் அதைத் திரும்பத் திரும்பச் சுற்ற வைக்கிறது. இன்ஜின் சூடேறும்வரை தெர்மோஸ்டாட் ரேடியேட்டர் வழியை மூடி வைத்திருக்கும்; பல கார்களில் 82 முதல் 92 டிகிரி செல்சியஸுக்குள் அது திறக்கத் தொடங்கும்.

இந்தச் சுற்று மூடப்பட்ட ஒன்று. குக்கர் வெயிட்டைப் போல, ரேடியேட்டர் மூடியில் இருக்கும் ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. பெரும்பாலான கார்களில் இது 1 பார் அளவை ஒட்டி இருக்கும் (1 பார் என்பது ஏறத்தாழ சாதாரணக் காற்றழுத்தத்தின் அளவு). பாதி கூலன்ட், பாதி தண்ணீர் கலந்த கலவை சாதாரணக் காற்றழுத்தத்தில் 107 டிகிரி அளவில் கொதிக்கும். 1 பார் கூடுதல் அழுத்தத்தில் அதன் கொதிநிலை 125 டிகிரியைத் தாண்டிவிடும். இன்ஜினைக் கொதிக்காமல் வைத்திருப்பதில் பாதி வேலை அந்தச் சின்ன மூடியுடையது. அதன் ரப்பர் காய்ந்து, ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் வேறு எந்தக் கோளாறும் இல்லாமலே கூலன்ட் கொதித்து வெளியே வழியும். பெரிய பழுது என்று பயந்துகொண்டு வந்தவர்கள் மூடியை மட்டும் மாற்றிக்கொண்டு திரும்பியதும் உண்டு.

சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறக்கக் கூடாது என்று சொல்வதும் இதனால்தான். 100 டிகிரிக்கு மேலே, அழுத்தத்தால் மட்டுமே திரவமாக நிற்கும் கூலன்ட், மூடி திறந்த கணத்தில் பொங்கி ஆவியாகச் சீறும். முகமும் கையும் வெந்துபோகும். ரேடியேட்டரின் மேல் ஹோஸை (ரப்பர் குழாயை) கையால் அமுக்கிப் பார்த்து, அது ஆறிக் குழைவாக இருந்தால் மட்டுமே மூடியைத் தொட வேண்டும்.

முதலில் ஒரு கோடு போடுங்கள்

கூலன்ட் உண்மையிலேயே குறைகிறதா என்று உறுதி செய்யாமல் எதையும் கழற்றுவது வீண். கூடுதல் கூலன்ட் நிற்கும் பிளாஸ்டிக் டப்பாவான ரிசர்வ் டேங்க்கின் வெளிப்பக்கம், இரவு நின்று ஆறிய இன்ஜினில், சமதளத்தில் வண்டி நிற்கும்போது, கூலன்ட் எந்த மட்டத்தில் இருக்கிறதோ அங்கே மார்க்கரால் ஒரு கோடு போட வேண்டும். அப்புறம் தினமும் காலையில், ஸ்டார்ட் செய்வதற்கு முன் பார்க்க வேண்டும். சூடான இன்ஜினில் கூலன்ட் விரிந்து மட்டம் ஏறும். அப்போது பார்ப்பதில் பயன் இல்லை. நல்ல நிலையில் உள்ள கார் மாதாமாதம் கூலன்ட் கேட்காது. இரண்டு வாரத்தில் கோட்டுக்குக் கீழே தெளிவாக இறங்கியிருந்தால் எங்கோ போகிறது என்று அர்த்தம்.

ரிசர்வ் டேங்க்கை மட்டும் நம்புவதிலும் ஒரு சிக்கல் உண்டு. மூடி தனியாக ரேடியேட்டரில் இருக்கும் வண்டிகளில், ஆறும்போது டேங்க்கிலிருந்து கூலன்ட்டை ரேடியேட்டர் திரும்ப இழுத்துக்கொள்ள வேண்டும். மூடியோ இடையிலுள்ள சின்னக் குழாயோ கெட்டிருந்தால் இழுக்காது. டேங்க் நிறைந்தே இருக்கும், ரேடியேட்டர் காலியாகிக்கொண்டே போகும். அப்படிப்பட்ட வண்டியில், ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியையும் திறந்து பார்த்தால்தான் உண்மை தெரியும்.

குறைகிறது என்று தெரிந்துவிட்டால், அது போவதற்கு இருக்கும் வழிகள் மூன்று: வெளியே தரைக்கு, சிலிண்டருக்குள் போய்ச் சைலன்சர் வழியே, அல்லது ஆயிலுக்குள். தரைக்குப் போவதுதான் அதிகம் நடப்பது. தேட வேண்டியதும் அங்கேதான் முதலில்.

வெளியே கசிவது

வண்டி நின்ற இடத்தில் ஈரம் இருந்தால் அது எந்த ஈரம் என்று பார்க்க வேண்டும். ஏசி ஓடிய வண்டியின் அடியில் சொட்டுவது வெறும் தண்ணீர். நிறமோ வாசனையோ வழுவழுப்போ இருக்காது. கூலன்ட்டுக்கு நிறம் உண்டு, விரலில் தொட்டால் வழுக்கும், தித்திப்பாக மணக்கும். பச்சை, சிவப்பு, ஆரஞ்சு, நீலம் என்று நிறங்கள் பல. எந்த நிறத்துக்கு எந்த வகை என்று எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விதி கிடையாது. ஆகவே நிறம் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது. தொட்டுப் பார்த்த கையைக் கழுவிவிட வேண்டும், தரையில் தேங்கியதையும் விட்டுவைக்கக் கூடாது. எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. தித்திப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிவிடும், குழந்தைகளும் வாயில் வைக்கலாம்.

தரையில் ஒன்றும் இல்லை என்பதால் வெளிக்கசிவு இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஓடும்போது மட்டும், அழுத்தம் ஏறியபின் மட்டும் கசிந்து, சூடான உலோகத்தில் பட்டு அங்கேயே ஆவியாகிப் போகிற கசிவுகள் நிறைய. அவை விட்டுச் செல்வது காய்ந்த தடத்தை: வெள்ளையாக அல்லது கூலன்ட்டின் நிறத்தில், உப்புப் படிந்தது போன்ற பூச்சு. டார்ச் லைட்டை வைத்துக்கொண்டு அந்தத் தடத்தைத் தேட வேண்டும். ஹோஸ்கள் கிளாம்ப்பில் சேரும் இடங்கள், தெர்மோஸ்டாட் ஹவுசிங், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் விளிம்பு, ரிசர்வ் டேங்க்கின் ஒட்டுக்கோடு ஆகியவை வழக்கமான இடங்கள். பிளாஸ்டிக் பாகங்கள் வருடக்கணக்கில் வெந்து ஆறி வெந்து ஆறி, மயிரிழை விரிசல் விடும். ஆறிய நிலையில் அந்த விரிசல் மூடிக்கொள்ளும், தடம் இல்லாவிட்டால் கண்ணுக்கே படாது.

வாட்டர் பம்புக்குத் தன் கோளாறைத் தானே சொல்லும் வசதி இருக்கிறது. அதன் உடம்பின் அடிப்பக்கத்தில் ஒரு சின்னத் துளை வைத்திருப்பார்கள். உள்ளே சீல் தேய்ந்தால் கூலன்ட் பேரிங்குக்குப் போய்விடாமல் அந்தத் துளை வழியே வெளியே வரும். அங்கே ஈரமோ பூச்சோ தெரிந்தால் பம்ப்பை மாற்றும் காலம் வந்துவிட்டது. துளையை அடைப்பது தீர்வாகாது. சில இன்ஜின்களில் டைமிங் பெல்ட்டே வாட்டர் பம்ப்பையும் சுற்றுகிறது. அந்த வண்டிகளில் இரண்டையும் சேர்த்து மாற்றிவிடுவது புத்திசாலித்தனம், ஏனென்றால் கழற்றும் வேலை ஒன்றேதான்.

காருக்குள்ளேயே கசிவதும் உண்டு. டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஹீட்டர் கோர் ஒரு குட்டி ரேடியேட்டர்; சூடான கூலன்ட் அதற்குள்ளும் ஓடுகிறது. அது கசிந்தால் முன்சீட்டுக்கு அடியிலுள்ள கார்ப்பெட் நனையும், காருக்குள் தித்திப்பு மணம் வரும், முன்கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய்ப் பசை போன்ற மூட்டம் படியும். துடைத்தாலும் சீக்கிரமே மறுபடி படியும்.

இவற்றையெல்லாம் கண்ணால் தேடிக் கிடைக்காவிட்டால், ஒரு கைப்பம்ப் போதும். ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் அதைப் பொருத்தி, ஆறிய இன்ஜினில், மூடியில் அச்சிட்டிருக்கும் அழுத்தம்வரை காற்று ஏற்றிவிட்டுக் கால் மணி நேரமாவது காத்திருப்பார்கள். மீட்டர் முள் இறங்கினால் கசிவு உண்டு. இன்ஜின் ஓடாமல், சத்தமும் சூடும் இல்லாமல் நிதானமாகத் தேட முடிவதுதான் இதில் வசதி. மூடியின் அளவுக்கு மேலே ஏற்றினால் நன்றாக இருந்த ரேடியேட்டரும் போய்விடும். முள் இறங்குகிறது, வெளியே எங்கும் ஈரம் இல்லை என்றால், அப்போதுதான் கசிவு உள்ளே இருக்கிறது என்று நினைக்கத் தொடங்க வேண்டும்.

உள்ளே கசிவது

இன்ஜின் பிளாக்குக்கும் மேலே உட்காரும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் தட்டையான தகடுதான் ஹெட் கேஸ்கட். சிலிண்டரில் நடக்கும் எரிப்பு, கூலன்ட் வழி, ஆயில் வழி ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று கலக்காமல் பிரித்து வைப்பது அதன் வேலை. சில இடங்களில் சிலிண்டருக்கும் கூலன்ட் வழிக்கும் இடையே சில மில்லிமீட்டர்தான் இடைவெளி. இன்ஜின் ஒருமுறை கடுமையாக ஓவர்ஹீட் ஆனால் ஹெட் வளைகிறது. அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும் என்பதால், இரும்பு பிளாக்கில் அலுமினிய ஹெட் உள்ள இன்ஜின்களில் இழுபறி இன்னும் அதிகம். அந்த வளைவில் கேஸ்கட்டின் பிடி தளர்கிறது. பெரும்பாலும் ஓவர்ஹீட் முன்னாலும் கேஸ்கட் பின்னாலும் போகிறது. ஆகவே கேஸ்கட் போனால் "முதலில் ஏன் சூடேறியது" என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

இனி அழுத்தத்துக்குத் திரும்புவோம். கூலன்ட் வழியில் இருப்பது 1 பார் அளவுதான். சிலிண்டருக்குள் எரிப்பு நடக்கும் கணத்தில் அழுத்தம் பல பத்து பார்களுக்கு ஏறும். நடுவே ஒரு பிளவு விழுந்தால் எது எதைத் தள்ளும்? இன்ஜின் ஓடும்போது எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் புகும். ஹோஸ்கள் கல்லாக இறுகும், ரிசர்வ் டேங்க்கில் குமிழி வரும், வாயு கூலன்ட்டை மூடி வழியே வெளியே தள்ளும். இன்ஜினை நிறுத்தியதும் நிலைமை தலைகீழாகிறது. சிலிண்டரில் அழுத்தம் இல்லை. கூலன்ட் வழியில் இன்னும் சூடும் அழுத்தமும் மிச்சம் இருக்கிறது. அதனால் இரவு நேரத்தில் கூலன்ட் மெல்ல சிலிண்டருக்குள் கசிகிறது.

காலையில் ஸ்டார்ட் செய்யும்போது அந்தக் கூலன்ட் எல்லாம் சேர்ந்து எரிய முயல்கிறது. இன்ஜின் ஒரு சிலிண்டரில் சரியாக எரியாமல் மிஸ் அடித்துக் குலுங்குகிறது, பின்னால் வெள்ளையாகப் புகை கிளம்புகிறது, கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகிவிடுகிறது. பிளவு சின்னதாக இருக்கும்போது இப்படித்தான் நடக்கும். வெறும் நீராவி என்று நினைத்து விட்டுவிடுவது இந்தக் கட்டத்தில்தான். இரண்டையும் பிரிப்பது குலுக்கலும் கோட்டுக்குக் கீழே இறங்கும் கூலன்ட்டும்தான். வெறும் ஆவிக்கு இன்ஜின் குலுங்காது.

கசிவு பெரிதாகி சிலிண்டரில் கூலன்ட் தேங்கிவிட்டால் ஆபத்து வேறு மாதிரி. திரவத்தை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது தேங்கிய கூலன்ட்டில் முட்டி நிற்கும். செல்ஃப் அடித்தால் "டக்" என்று ஒரு சத்தத்தோடு இன்ஜின் இறுகிக்கொள்ளும். அப்போது மறுபடி மறுபடி செல்ஃப் அடித்தாலோ தள்ளி ஸ்டார்ட் செய்ய முயன்றாலோ பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராட் வளையக்கூடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் கூலன்ட்டை வெளியேற்றாமல் தொடக் கூடாது.

பிளவு சிலிண்டர் பக்கம் இல்லாமல் ஆயில் வழிப் பக்கம் விழுந்தால் புகையே வராது. ஆயிலும் கூலன்ட்டும் கலந்து, ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கிலும் ஆயில் மூடியின் உள்பக்கத்திலும் வெளிர் பழுப்பு நிறக் கூழாகப் படியும். ஆயில் மட்டம் கூடியிருப்பதுபோலத் தெரியும். இந்த ஆயிலோடு வண்டியை ஓட்டினால் பேரிங்குகள் தேய்ந்து இன்ஜினே போய்விடும். ஆனால் ஆயில் மூடியில் மட்டும் கொஞ்சம் கூழ் இருந்து, டிப்ஸ்டிக்கில் ஆயில் தெளிவாக இருந்தால் பதற வேண்டாம். தினமும் சில கிலோமீட்டர் மட்டுமே ஓடி, இன்ஜின் முழுதாகச் சூடேறாத வண்டிகளில், ஆயிலில் சேரும் ஈரம் மூடியில் இப்படிப் படிவது சாதாரணம். இதை வைத்து மட்டும் ஹெட்டை இறக்கச் சொன்னால் வேறு ஒரு மெக்கானிக்கிடமும் கேட்டுவிடுவது நல்லது.

இன்னொரு குற்றவாளியும் உண்டு, குறிப்பாக டீசலில். எரிந்த வாயுவில் ஒரு பகுதியைக் குளிர்வித்து மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் ஈஜிஆர் கூலருக்குள்ளும் கூலன்ட் ஓடுகிறது. அது ஓட்டையானால் கூலன்ட் நேராகப் புகை வழியில் விழும். தித்திப்பு மணமுள்ள வெள்ளைப் புகை, குறையும் கூலன்ட், வெளியே ஈரம் இல்லை. எல்லா அறிகுறியும் ஹெட் கேஸ்கட்டுடையதுதான். ஆனால் கேஸ்கட் நன்றாக இருக்கும். ஈஜிஆர் கூலரைச் சோதிக்காமல் டீசல் இன்ஜினின் ஹெட்டைக் கழற்றுவது அவசர வேலை.

உறுதி செய்யும் சோதனைகள்

கூலன்ட்டில் எரிந்த வாயு கலந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. கண்ணாடிக் குழாய் ஒன்றில் நீல நிறத் திரவத்தை ஊற்றி, ரேடியேட்டர் வாயில் பொருத்தி, கூலன்ட்டுக்கு மேலே இருக்கும் காற்றை அந்தத் திரவத்தின் வழியே இழுப்பார்கள். கார்பன் டை ஆக்சைடு இருந்தால் பெட்ரோல் வண்டியில் நீலம் மஞ்சளாகும். டீசலில் பச்சைக்கு மாறும். ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து கருவியைப் பொருத்திய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். கூலன்ட்டே குழாய்க்குள் ஏறிவிட்டால் சோதனை கெட்டுவிடும் என்பதால் முன்னதாக மட்டத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வார்கள். நிறம் மாறினால் கிட்டத்தட்ட உறுதி. மாறாவிட்டால் உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது: மேட்டில் பாரத்தோடு ஏறும்போது மட்டும் திறக்கும் பிளவுகள், வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும் ஐடிலிங்கில் தெரியாமல் போகலாம்.

குமிழியைப் பார்த்து முடிவெடுப்பதில் ஒரு பொறி இருக்கிறது. கூலன்ட் மாற்றியவுடனோ ஹோஸ் மாற்றியவுடனோ, உள்ளே சிக்கிய காற்று வெளியேறும்போதும் குமிழி வரும். அது கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். கேஸ்கட் வழியே வரும் குமிழி ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதிகமாகும், நிற்காது.

எந்த சிலிண்டர் என்று தெரிந்துகொள்ள ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்துப் பார்ப்பார்கள். மற்றவை பழுப்பாக இருக்க, ஒன்று மட்டும் கழுவியதுபோல் பளிச்சென்று இருந்தால் அங்கேதான் கூலன்ட் போகிறது. நீராவி அதைச் சுத்தம் செய்துவிட்டிருக்கிறது. அழுத்தம் ஏற்றி ஓர் இரவு விட்டுவிட்டுக் காலையில் பிளக் துளை வழியே சின்னக் கேமராவை விட்டு பிஸ்டன் தலையைப் பார்ப்பதும் உண்டு. ஈரத்தைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம் என்பதால் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. கம்ப்ரஷன் டெஸ்ட்டில் பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால் அவற்றின் நடுவே கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் சிலிண்டருக்கும் கூலன்ட்டுக்கும் இடையிலான சின்னக் கசிவு இதில் தெரியாமல் போகலாம். சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி, ரேடியேட்டரில் குமிழி வருகிறதா என்று பார்ப்பது அதைவிடத் துல்லியமானது.

வழியில் சூடேறினால்

வெப்பத்தைக் காட்டும் மீட்டரின் முள் சிவப்பை நோக்கிப் போனால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழு வேகத்தில் போட்டு, ஓரம் கட்டி நிறுத்தி இன்ஜினை அணைக்க வேண்டும். ஹீட்டர் போடுவது விந்தையாகத் தோன்றலாம். அது கொஞ்சம் சூட்டை இன்ஜினிலிருந்து எடுத்துக் காருக்குள் விடும், நிறுத்த இடம் தேடும்வரை உதவும். ஹீட்டரை முழுதாகத் திறந்தும் குளிர்ந்த காற்றுதான் வருகிறது என்றால் கூலன்ட் மிகவும் குறைந்துவிட்டது அல்லது வாயு அடைத்திருக்கிறது என்று பொருள்.

முள்ளை முழுதாக நம்ப வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். வெப்பத்தை அளக்கும் சென்சார் கூலன்ட்டில் மூழ்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். கூலன்ட் எல்லாம் போய் சென்சார் வெறும் ஆவியில் நின்றால், இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் கீழே இறங்கக்கூடும். ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று காரணமில்லாமல் விழுந்தால் நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ளாமல் உடனே நிறுத்த வேண்டும். ஆறாத இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் ஹெட்டோ பிளாக்கோ வெடிப்பு விடலாம். அரை மணி நேரத்துக்கும் மேலாக ஆறவிட்ட பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

கசிவை அடைக்கும் திரவங்கள் கடைகளில் கிடைக்கின்றன. ரேடியேட்டரில் ஊசித்துளை அளவு ஓட்டைக்கு, வீடு போய்ச் சேர அவை உதவலாம். ஆனால் ஓட்டையை அடைக்கிற அதே பொருள் ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். நல்ல வண்டியில் அதை ஊற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஹெட்டை இறக்கியே ஆக வேண்டும் என்றால்

சோதனைகள் எல்லாம் கேஸ்கட்டையே காட்டினால் தள்ளிப்போட வேண்டாம். கூலன்ட் எரியும் புகை ஆக்சிஜன் சென்சாரையும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையும் கெடுக்கும். ஒரு பழுது மூன்றாகும்.

ஹெட்டை இறக்கிய பிறகு கேஸ்கட்டை மட்டும் மாற்றி மூடிவிடுவது அரைகுறை வேலை. ஹெட்டின் அடிப்பரப்பில் நேர்க்கோல் வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜால் வளைவை அளக்க வேண்டும். அனுமதிக்கப்படும் வளைவு பொதுவாக ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குள்தான் இருக்கும், துல்லிய அளவு அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். தாண்டினால் லேத் பட்டறையில் கொடுத்துச் சீவ வேண்டும். விரிசல் இருக்கிறதா என்று அழுத்தம் ஏற்றிச் சோதிக்க வேண்டும்; விரிசல் உள்ள ஹெட்டுக்குப் புதுக் கேஸ்கட் போட்டால் புகை மறுநாளே திரும்பி வரும். பல இன்ஜின்களில் ஹெட் போல்ட்டுகள் ஒருமுறை இறுக்கும்போதே நீண்டுவிடும் வகை. அவற்றைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. இறுக்கும் வரிசைக்கும் டார்க் (இறுக்கும் முறுக்கு விசை) அளவுக்கும் மேனுவலைப் பார்க்கத்தான் வேண்டும், அனுபவம் எவ்வளவு இருந்தாலும். கூடவே, முதலில் ஏன் சூடேறியது என்ற பழைய கேள்விக்கும் பதில் தேட வேண்டும்: தெர்மோஸ்டாட்டா, சுழலாத ஃபேனா, அடைத்த ரேடியேட்டரா, வாட்டர் பம்ப்பா.

வேலை முடிந்து வண்டியை எடுத்ததும் மறுபடி வெள்ளைப் புகை வந்தால் உடனே மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போக வேண்டாம். முன்பு போன கூலன்ட் சைலன்சருக்குள்ளும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரிலும் தேங்கியிருக்கும். அது முழுதும் எரிந்து போக, நன்றாகச் சூடேறி ஓடும் ஒரு நீண்ட ஓட்டமாவது வேண்டும். ரிசர்வ் டேங்க்கில் ஒரு புதுக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். சிக்கிய காற்று வெளியேறுவதால் முதல் சில நாள்களில் மட்டம் கொஞ்சம் இறங்கலாம், அதை நிரப்பிவிடலாம். அதன் பிறகும் இறங்கிக்கொண்டே போனால் அப்போது திரும்பப் போங்கள்.